வேலிக்கு மேலால் வந்த கட்டலான் சாப்பாடு

முதலில் வந்தது கீரை. கியூபெக்கில், பியர்பொன்ட்ஸில் எங்கள் வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் நடுவில் இடுப்பளவு வேலி ஒன்று இருக்கிறது. வசந்தம் முடிகிற காலத்தில் ஒரு சனிக்கிழமை, நான் உடுப்புக் காயப்போட்டுக்கொண்டு நிற்க, அந்த வேலிக்கு மேலால் ஒரு கண்ணாடிப் பாத்திரம் நீண்டது. அதற்குப் பின்னால் பக்கத்து வீட்டுக்காரி. அவள் அங்கே தனியாகக் குடிவந்து இரண்டு வருடம் இருக்கும். அதுவரை எங்களுக்குள் பொன்ஜூர் என்ற வணக்கத்துக்கு மேல் ஒரு கதையும் இருந்ததில்லை. தோட்டத்தில் பசளிக்கீரை மிஞ்சிப்போய் விளைந்துவிட்டது, தன் ஊர் முறையில் சமைத்தேன், சாப்பிட்டுப் பாருங்கள் என்று பிரெஞ்சில் சொன்னாள். எந்த ஊர் என்று கேட்டேன். கட்டலோனியா என்றாள். ஸ்பெயினா என்றேன். இல்லை, கட்டலோனியா என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள், ஆனால் விட்டுக்கொடுக்கவில்லை.

உள்ளே கொண்டுவந்து மூடியைத் திறந்தால் கீரைக்குள் பிளம்ஸ். நாங்கள் பாயாசத்துக்குப் போடுகிற அதே காய்ந்த முந்திரிகைப் பழம், திராட்சை வற்றல். கூடவே பைன் மரத்து விதைகள், உள்ளிப்பூண்டு, ஒலிவ் எண்ணெய். மிளகாய் என்ற ஒன்றைக் கண்ணிலும் காணவில்லை. நான் ஒரு கார்டெரியில், அதாவது சின்னப் பிள்ளைகளைப் பகலில் விட்டுப்போகும் இடத்தில், சமையல் செய்கிறவள். இதில் கச்சான் கடலை பட்டதா, முட்டை பட்டதா, எந்தக் கரண்டியால் கிளறினார்கள் என்று கேட்டுக் கேட்டே எனக்குத் தலை நரைத்தது. சந்தேகப்படுவதுதான் என் வேலை. இரண்டு வருடம் முகம் பார்த்துக் கதைக்காதவள் திடீரென்று ஏன் சாப்பாடு தரவேண்டும்? கீரைக்குள் பன்றிக் கொழுப்பு ஏதும் உருக்கி ஊற்றியிருக்கிறாளோ என்று மணந்து பார்த்தேன். ஒன்றும் பிடிபடவில்லை.

பாத்திரத்தை மேசையில் வைத்துவிட்டு உடுப்பை எடுக்கப் போனேன். திரும்பி வந்தபோது அண்ணை அதில் பாதியை முடித்திருந்தார்.

அண்ணையைப் பற்றிச் சொல்லவேண்டும். மச்சாள், அதுதான் அவருடைய மனைவி, காலமானபின் அவர் நோத்ர-டாம்-த-கிரேஸில் ஒரு அப்பார்ட்மெண்டில் தனியே இருந்தார். பிள்ளைகள் இல்லை. என் கணவரும் போய்ச் சேர்ந்துவிட்டார், மகன்கள் இரண்டு பேரும் ரொறொன்ரோவில். தனித்தனியே இரண்டு வீடு எதற்கு, என்னோடு வந்து இருங்கள் என்று நான்தான் ஒற்றைக்காலில் நின்று கூட்டிவந்தேன். வந்தவர் நான் சமைத்ததைக் கிளறிவிட்டு எழும்புவார். மீன் குழம்பு, கணவாய்ப் பிரட்டல், ஆட்டிறைச்சி, எல்லாவற்றுக்கும் ஒரே பதில்தான்: "பசிக்கேல்லை." கவலைதான் காரணம், நாள்போனால் சரிவரும் என்று நானும் பொறுத்திருந்தேன்.

அந்த மனிதர் இப்போது கரண்டியால் பாத்திரத்தின் மூலையைச் சுரண்டிக்கொண்டிருந்தார்.

"நல்லாயிருக்கு, பிள்ளை," என்றார்.

ஒரு வருடமாக என் சமையலுக்குக் கிடைக்காத சொல். எனக்குச் சுர்ரென்றது.

ஆனாலும் மரியாதை என்று ஒன்று இருக்கிறது. ஒருவர் சாப்பாடு தந்த பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பிக் கொடுப்பது எங்கள் வீடுகளில் இல்லை. ஒன்றும் இல்லாவிட்டால் ஒரு பிடி சீனியாவது போட்டுத்தான் கொடுப்போம். நான் இடியப்பம் அவித்து, சொதியை வேறு ஒரு போத்தலில் விட்டு, முழங்கால் நோகிறது என்று அண்ணையின் கையில் கொடுத்தேன். "வாசல்லை குடுத்திட்டு உடனை வாங்கோ," என்றும் சொல்லிவிட்டேன். அண்ணை போய் முக்கால் மணித்தியாலம் கழித்து வந்தார்.

அடுத்த கிழமை அதே பாத்திரத்தில் கத்தரிக்காய் வந்தது. முழுக் கத்தரிக்காயையும் சிவப்புக் குடைமிளகாயையும் வெங்காயத்தையும் தணலில் கருகச் சுட்டு, தோலை உரித்து, கீறிக் கீறி அடுக்கி, எண்ணெயும் உப்பும் விட்டிருந்தாள். எஸ்கலிவாடா என்று பெயராம். சுட்ட கத்தரிக்காயில் நாங்களும்தான் சம்பல் போடுகிறோம். ஆனால் தேங்காய்ப்பாலும் பச்சைமிளகாயும் தேசிக்காய்ப்புளியும் இல்லாமல் அது என்ன சம்பல்? அண்ணை அதைப் பேக்கரிப் பாண் துண்டில் வைத்துச் சாப்பிட்டார். நான் மோதகம் அவித்து அனுப்பினேன். அவள் எலுமிச்சைத் தோலும் கறுவாவும் போட்டுக் காய்ச்சிய பால் முட்டைக் களி அனுப்பினாள். மேலே சீனியை எரித்துக் கண்ணாடி போல இறுக்கியிருந்தாள். நான் றோல்ஸ் பொரித்து அனுப்பினேன். அவள் விடவில்லை. நானும் விடவில்லை. என்னடா இது, இந்த மனுசி எதற்கு அடிபோடுகிறாள் என்று ஒவ்வொரு முறையும் மூடியைத் திறக்கும்போது யோசிப்பேன்.

ஆடி மாதம் அவளுடைய வளவில் ஒரு பெரிய கண்ணாடிச் சாடி வந்து உட்கார்ந்தது. குசினி யன்னலால் பார்த்தால் நேரே தெரியும். உள்ளே கறுப்பாக ஒரு தண்ணீர், அதில் காய்களும் இலைகளும் வேர்களும் ஊறிக்கொண்டிருந்தன. பகல் வெயிலிலும் அங்கேயே, இராப்பனியிலும் அங்கேயே. ஒருநாளும் உள்ளே எடுக்கமாட்டாள். அதே கிழமை அண்ணையின் பத்து விரல்களும் கறுத்துப்போயிருந்தன. சவர்க்காரம் போட்டும் போகவில்லை, தேசிக்காய் போட்டுத் தேய்த்தும் போகவில்லை.

"எங்கை போட்டு வாறியள்?" என்று கேட்டேன்.

"சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூவுக்கு. பக்கத்து வீட்டு அவ முந்தி வேலை செய்த விவசாயக் கல்லூரிப் பக்கம் வால்நட் மரம் நிக்குது. பச்சைக் காய் பிடுங்கப் போனனாங்கள்."

"இந்த வயசிலை மரத்திலை காய் பிடுங்கவோ?"

"ஓம்."

"அந்தச் சாடிக்குள்ளை கிடக்கிறதும் அந்தக் காயோ?"

"ஓம். ரத்தாபியா எண்டு ஒரு குடிவகை. காயையும் மூலிகையளையும் சாராயத்திலை ஊறப்போட்டு வெயிலிலையும் இராப்பனியிலையும் வைக்கிறதாம்."

அண்ணை கேட்டதற்குப் பதில் சொல்வார். கூட்டவும் மாட்டார், குறைக்கவும் மாட்டார். அதைத்தான் என்னால் நம்ப முடியாமல் இருந்தது. மறைக்க ஒன்றும் இல்லாதவன் இவ்வளவு பச்சையாகச் சொல்வானா என்று எனக்குள் ஒரு குடைச்சல். மூலிகை, வேர், சாராயம் என்றதும் நெஞ்சு வேறு பக்கம் ஓடியது. சொக்குப்பொடி போட்டு ஆளை மடக்குகிற கதையெல்லாம் எங்கள் பக்கத்தில் கேட்டு வளர்ந்தவள் நான். படித்த நாட்டில் இருந்துகொண்டு இப்படியா நினைப்பது என்று வெட்கப்பட்டேன். வெட்கப்பட்டுக்கொண்டே நினைத்தேன்.

கோயிலில் எனக்குப் பக்கத்தில் இருக்கிற ஒரு அக்கா, அர்ச்சனை முடியவும் காதுக்குக் கிட்ட வந்தார்.

"உங்கடை அண்ணையை வாய்க்கால் கரையிலை கண்டனான், சென்ட்-ஆனிலை. ஆரோ ஒரு வெள்ளைக்காரியோடை மரவாங்கிலை இருந்தார்."

"தெரியும் அக்கா. பக்கத்து வீடு."

"தக்காளிப் பழத்தைப் பாதியா வெட்டிப் பாணிலை தேய்ச்சுக்கொண்டெல்லோ இருந்தவர். தேய்ச்சுத் தேய்ச்சு அவவுக்கும் குடுத்தார்."

என் வீட்டில் ஒரு தேத்தண்ணிக் கோப்பையைக் கழுவி வைக்காத மனிதர். எனக்குக் கோயிலிலேயே முகம் சிவந்துவிட்டது.

இலையுதிர் காலத்தில், பக்கத்து வளவில் சனம் கூடிய ஒரு ஞாயிற்றுக்கிழமை. அவளுடைய பழைய வேலைத் தோழிகள் நாலைந்து பேர் வந்திருந்தார்கள். நான் யன்னலுக்குப் பின்னால் பாத்திரம் கழுவுகிற சாக்கில் நின்றேன். மேசையில் ஒரு கண்ணாடிக் குடுவை. எங்கள் மூக்குப்பேணியைக் கண்ணாடியில் செய்து மூக்கை நீட்டி விட்டது போல இருந்தது. உள்ளே வைன். வாயை வைக்காமல், கையைத் தூக்கி, மேலிருந்து தாரையாக விட்டுக் குடிக்கவேண்டும். கட்டலோனியாவுக்குப் போகிற விருந்தாளிகளை இதைக் கொடுத்துத்தான் சோதிப்பார்களாம். வந்திருந்த பெண்கள் ஒவ்வொருவராக எடுத்துத் தாடையிலும் சட்டையிலும் ஊற்றிக்கொண்டு கத்தினார்கள். பிறகு அண்ணையிடம் கொடுத்தார்கள். அவர் எழுந்து, அண்ணாந்து, கையை எட்டிய மட்டும் உயர்த்தி, ஒரு சொட்டும் சிந்தாமல் மடக் மடக்கென்று குடித்துவிட்டு வைத்தார். எச்சில் படாமல் குடிக்கிறதை நாங்கள் நடக்கப் பழகும்போதே பழகிவிடுவோம் என்று அவர்களுக்கு யார் சொல்லியிருக்கப் போகிறார்கள்? எல்லோரும் கைதட்டினார்கள். அவள் மட்டும் தட்டவில்லை. கையைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு அவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வை எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை.

கார்த்திகை பிறக்க, பாதாம் மாவும் சீனியும் சேர்த்து உருட்டி, பைன் விதையில் பிரட்டிச் சுட்ட சின்ன உருண்டைகள் வந்தன. இறந்தவர்களை நினைக்கும் நாளில் அவர்கள் ஊரில் செய்வதாம். அவற்றில் இரண்டை அண்ணை எடுத்து மச்சாளின் படத்துக்கு முன்னால் வைத்தார். இவள் செய்ததை அவளுக்குப் படைப்பதா என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பயத்தம் உருண்டை பிடித்து அனுப்பினேன். மார்கழியில், நத்தார்ப் பண்டிகைக் காலத்தில், பெரிய சட்டியோடு சூப் வந்தது. சங்கு வடிவத்தில் தடித்த மாக்கரோனி, கிழங்கு, முட்டைக்கோஸ், இறைச்சி. மாடும் பன்றியும் போடுவது வழக்கம், உங்களுக்காகக் கோழி மட்டும் போட்டேன் என்று சொல்லியனுப்பியிருந்தாள். எங்களுக்கு மாடு ஆகாது என்று அவளுக்கு யார் சொன்னது? அண்ணைதான் சொல்லியிருப்பார். வேறு என்னவெல்லாம் சொல்லியிருப்பார்?

இனிப் பொறுக்கமுடியாது என்று அந்தச் சட்டியை நானே கொண்டுபோனேன், உள்ளே கத்தரிக்காய்ப் பொரிச்ச குழம்போடு. பனிச்சப்பாத்தைக் கழற்றிவிட்டுக் குசினிக்குள் போய் உட்கார்ந்தேன். ரத்தாபியாவைச் சின்னக் கிளாசில் தந்தாள். உள்ளே என்னென்ன இருக்கிறது என்று கார்டெரிப் பாணியில் கேட்டேன். பச்சை வால்நட், கறுவா, சாதிக்காய், புதினா, எலுமிச்சை இலை என்று தெரிந்ததும் தெரியாததுமாக ஒரு நீளத்துக்குச் சொன்னாள். நாக்கில் வைத்தேன். சீனி போட்ட கசாயம். கணவர் எங்கே என்றும் கேட்டேன். விவாகரத்தாகி நெடுங்காலம், எங்கே இருக்கிறாரென்று தெரியாது என்றாள். அவளும் பதிலை மறைக்கிறவளாகத் தெரியவில்லை. அது எனக்கு இன்னும் சந்தேகத்தைக் கூட்டியது.

பிறகு சட்டியின் மூடியைத் திறந்து பார்த்தவள் நெற்றியில் கையை வைத்துச் சிரித்தாள்.

"ஒன்று கேட்கலாமா? கோபிக்கக்கூடாது. இதை நாங்கள் எப்போது நிறுத்துவது?" என்றாள். "முதல்நாள் கீரை மிஞ்சியதால்தான் தந்தேன். நீங்கள் அந்த அழகான அரிசி நூல்களை அனுப்பினீர்கள். அதற்குப் பதில் செய்யாமல் இருந்தால் என்ன நினைப்பீர்களோ என்று பயந்தேன். நீங்கள் மறுபடி அனுப்பினீர்கள். சனிக்கிழமை வந்தாலே எனக்கு, இந்தமுறை என்ன செய்வது என்று நடுக்கம்."

நான் அவளைச் சந்தேகப்பட்டுக்கொண்டு இருக்க, அவள் என் பாத்திரத்துக்குப் பயந்துகொண்டு இருந்திருக்கிறாள். சிரிப்பும் வந்தது, என்மேலேயே எரிச்சலும் வந்தது. ஏனென்றால் ஒவ்வொரு முறையும் அந்தப் பாத்திரத்தைக் கொண்டுபோனவர் அண்ணை. நிரப்பிக் கையில் கொடுத்து அனுப்பியவள் நான். முழங்கால் நோகிறது என்று சொல்லிச் சொல்லி நானே அவரை அந்த வாசலுக்குப் பழக்கியிருக்கிறேன்.

சரி, பார்ப்போம் என்று முடிவெடுத்தேன். அவளிடம் கடைசியாக இருந்த பாத்திரம் திரும்பி வந்து, அதிலிருந்ததைச் சாப்பிட்டு முடித்ததும், கழுவித் துடைத்து வெறுமையாக அனுப்பினேன். என் வாழ்நாளில் முதல் தடவை. அண்ணை மூடியைத் திறந்து பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார், மூடிக் கொண்டுபோனார். அடுத்த சனிக்கிழமை சாப்பாடு வரவில்லை. அதற்கடுத்த சனிக்கிழமையும் வரவில்லை. ஆனால் அண்ணை போவது நிற்கவில்லை. வெறும் கையோடு, பனிக்குள்ளால், வேலியைச் சுற்றிக்கொண்டு போய் வந்தார். சாப்பாட்டுக்காகத்தான் போகிறார் என்று நான் பிடித்துவைத்திருந்த கடைசிக் கொப்பும் அதோடு முறிந்தது.

பனி கரைந்து சேறான வளவில், சித்திரை மாதம், அவள் நெருப்பு மூட்டினாள். தடித்த வெங்காயத் தாள்களை முழுதாகத் தணலில் கருக்கி, பேப்பரில் சுற்றி அவியவிட்டு, கறுத்த தோலை ஒரே இழுவையில் உருவி, பாதாமும் சுட்ட தக்காளியும் அரைத்த குழம்பில் தோய்த்து, அண்ணாந்து வாய்க்குள் இறக்கவேண்டும். அவர்கள் ஊரில் குளிர்காலம் முடியும்போது எல்லோரும் கூடிச் செய்வதாம். என்னையும் கூப்பிட்டாள், போனேன். உள்ளதைச் சொன்னால், ருசியாக இருந்தது. நானே எட்டுப் பத்துத் தின்றிருப்பேன். கையெல்லாம் கரி. சட்டை பழுதாகாமல் இருக்கக் கழுத்தில் ஒரு துணி கட்டுவது வழக்கம். எனக்கு அவள் துணியைக் கையில் தந்தாள். அண்ணைக்கு அவளே கட்டிவிட்டாள். அவள் கை எட்டுவதற்காக அவர், யாரும் சொல்லாமலே, தலையைக் குனிந்து கொடுத்தார். பழகின குனிவு. நான் கேட்கவேண்டியது ஒன்றுமே பாக்கி இருக்கவில்லை.

காதால் கேட்டது ஆனியில், அதுவும் அவள் வாயால். சென் ஜான் பெருநாளுக்கு முதல்நாள் பின்னேரம். கியூபெக்கில் அது கொடி கட்டுகிற விடுமுறை, அவர்கள் ஊரிலும் அந்த நாளுக்கு நெருப்பு மூட்டி இனிப்புப் பாண் சாப்பிடுவார்களாம். சீனியில் பதப்படுத்திய பழங்கள் பதித்த நீளமான பாண் ஒன்றை மேசையில் வைத்து, நுரைக்கிற வைனை மூன்று கிளாசில் ஊற்றினாள். அண்ணை உட்காருவதற்கு இன்னொரு கதிரை எடுக்க உள்ளே போனார். அவர் போகும்வரை பார்த்திருந்துவிட்டு அவள் என் பக்கம் திரும்பினாள்.

"செப்டெம்பரில் நான் ஊருக்குத் திரும்பிப் போகிறேன். அங்கே அம்மாவின் வீடு இருக்கிறது. அவரையும் வரச்சொல்லிக் கேட்டேன்."

"என்ன சொன்னார்?"

"ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. தங்கச்சி ஒன்றும் சொல்லவில்லையே என்கிறார். நீங்கள் கேட்டீர்களா என்றால், கேட்கிறதில்லை, அவள் சொல்லவேண்டும் என்கிறார். முன்பும் ஒருமுறை இப்படிக் காத்திருந்ததாகச் சொன்னார். எனக்கு அறுபத்திரண்டு வயது. இன்னொரு தடவை தங்கச்சிக்குக் கலியாணம் ஆகும்வரை என்னால் காத்திருக்க முடியாது."

பகிடியாகத்தான் சொன்னாள். நான் கையிலிருந்த பாண் துண்டைத் தட்டில் வைத்தேன். தங்கச்சி இருக்க அண்ணன் கலியாணம் முடிக்கமாட்டான். எங்கள் ஊரில் அது யாரும் வாய்விட்டுச் சொல்லாமலே நடக்கிற ஒன்று. அண்ணை முதலில் இந்த நாட்டுக்கு வந்து, தொழிற்சாலையில் வேலைக்கு நின்று, என்னையும் இங்கே எடுப்பித்து, எனக்கு ஒரு மாப்பிள்ளை சரிவரும்வரை தனியே இருந்தார். போர், இடப்பெயர்வு, விசா என்று என் கலியாணம் தள்ளித் தள்ளிப் போக, அவருக்கு நாற்பதாகிவிட்டது. அதற்குள் தொழிற்சாலையில் ஒரு பெண் அவருக்காகக் காத்திருந்து பார்த்துவிட்டு வேறு இடத்தில் முடித்துக்கொண்டாள் என்று பிறகு காற்றுவாக்கில் கேள்விப்பட்டேன். அவர் என்னிடம் சொன்னதில்லை. வேலிக்கு அந்தப் பக்கம் சொல்லியிருக்கிறார்.

அண்ணை கதிரையோடு வந்தார். நாங்கள் இருவரும் பாணைப் பற்றிக் கதைத்தோம்.

அடுத்தநாள் காலை, குசினி மேசையில் தேத்தண்ணியை வைத்துவிட்டு நேரே கேட்டேன்.

"அவ உங்களைத் தன்ரை ஊருக்குக் கூப்பிட்டவவாம். ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"நீ கேக்கேல்லையே, பிள்ளை."

"இப்ப கேக்கிறன். போக விருப்பமோ?"

"ஓம்."

"அப்ப என்னத்துக்கு யோசிக்கிறியள்?"

"நீ தனிய எல்லோ? நீ கூப்பிட்டு வந்தனான். நீ வேண்டாமெண்டால் நான் நிக்கிறன். அதுக்காக உன்னிலை கோவிக்கமாட்டன்."

கோபிக்கமாட்டார், எனக்குத் தெரியும். நில்லுங்கோ என்று ஒரு சொல் சொன்னால் போதும், நின்றுவிடுவார். தட்டைக் கிளறிக்கொண்டு, ஒருநாளும் சொல்லிக்காட்டாமல், கடைசிவரை எனக்கு எதிரே இந்த மேசையில் இருப்பார். அந்தச் சொல் நுனிநாக்கில் நின்றது. சொல்ல ஆசையாக இருந்தது. இந்த வீட்டில் மார்கழிப் பனியில் ஒற்றைத் தட்டோடு இருப்பதை நினைக்கப் பயமாக இருந்தது, அவ்வளவுதான்.

"போங்கோ அண்ணை," என்றேன்.

"தனிய இருந்திடுவியோ?"

"ஏன் இருக்கமாட்டன்? வேலை இருக்கு, கோயில் இருக்கு. பொடியங்கள் கூப்பிடு தூரத்திலை இருக்கிறாங்கள்."

"மனசாரத்தான் சொல்லுறியோ?"

"ஓம்."

என் முகத்தைப் பார்த்தார். ஒரு வருடமாக நான் அவருடைய விரலையும் சட்டையையும் வந்துபோகும் நேரத்தையும் பார்த்த பார்வை அல்ல அது. தங்கச்சியை அண்ணன் பார்க்கிற பார்வை. பிறகு தேத்தண்ணியை ஒரே மூச்சில் குடித்துவிட்டு, செருப்பைக்கூடச் சரியாகப் போடாமல் வேலிப் பக்கம் நடந்தார். நான் சொன்னதை அப்படியே நம்பிவிட்டார். அண்ணைக்குச் சந்தேகப்படத் தெரியாது.